திரையில் வராத பெட்டி

சிறுசேரி
20 ஜூலை 2009

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தமிழினி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். புனேயில் தாங்களும் அண்ணனும் நலமென்று நம்புகிறேன். இது ஆபீஸ் விஷயமாக எழுதும் மெயில்.

கல்யாணமாகி வேலையை விட்டுப் போனபோது, அந்தப் பஸ் கம்பெனியின் டிக்கெட் சைட்டை, டெஸ்டிங்கில் சிவனே என்று இருந்த என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். அதில் தாங்கள் செய்த மஞ்சள் அறிவிப்புப் பெட்டி ஒன்று உண்டு. 'எங்கள் பஸ்கள் பெருங்களத்தூரில் நிற்காது, தாம்பரத்தில் ஏறவும்' என்று இருக்கும். அது இப்போது திரையில் வருவதில்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் டிக்கெட் எடுத்தவர்கள் மூட்டை முடிச்சோடு பெருங்களத்தூரில் நிற்கிறார்கள். பஸ் அவர்களைத் தாண்டிப் போகிறது. அவர்கள் கம்பெனிக்காரரிடம் கத்துகிறார்கள், அவர் நம் டீம் லீடர் ராஜகோபாலன் சாரிடம் கத்துகிறார், சார் என்னிடம்.

பிரவுசரின் உள்விவரம் காட்டும் ஃபயர்பக்கைத் திறந்து கம்ப்யூட்டட் பகுதியில் பார்த்தேன். நாம் எழுதியதையெல்லாம் கூட்டிக் கழித்து பிரவுசர் கடைசியில் என்ன முடிவு செய்தது என்று காட்டும் இடம் அதுதானே. அங்கே டிஸ்ப்ளே 'பிளாக்' என்று இருக்கிறது, அதாவது 'காட்டு'. விசிபிலிட்டி 'விசிபிள்'. நிறம் மஞ்சள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. எது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் ஷீட் தாங்கள் எழுதியது என்பதால் தப்பும் அதில்தான் இருக்குமென்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே என்று தெரிவித்தால் நன்றி.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, பீர்க்கன்கரணை வீட்டில் தங்களுக்கு வளைகாப்பு. அன்றைக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருப்பதால் நான் வீட்டில் இருக்க முடியாது. நம் வீட்டு வழக்கப்படி நாத்தனார் போட வேண்டிய முதல் வளையலை வேறு யாராவது போடட்டும்.

இப்படிக்கு,
தமிழினி


புனே
21 ஜூலை 2009

தமிழு,

'மதிப்பிற்குரிய அண்ணி' என்று படித்ததும் யாரோ அறுபது வயது அம்மாளுக்கு வந்த மெயில் தவறி என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அந்த அம்மாள் நான்தான் என்று புரிந்தது. ஆபீஸ் பஸ்ஸில் மேடவாக்கம் வரை என் தோளில் தூங்கி, என் துப்பட்டாவில் எச்சில் வழிய விட்டவள் எழுதும் எழுத்தா இது? உன் அண்ணன் முதல் முடிச்சுப் போட்டபோதுகூட நான் பயப்படவில்லை. மீதி முடிச்சை நாத்தனார் என்ற உரிமையில் நீ போட்டாய் பார், கழுத்து நெரிந்துவிடும் போல இழுத்தாய். அவிழாமல் இருக்கட்டும் என்று காதில் சொன்னாய். சொன்னவள் இன்று தாங்கள் கீங்கள் என்கிறாய்.

போன் செய்தால் எடுக்க மாட்டாய். மெயிலாவது போட்டாயே, அந்தப் பெருங்களத்தூர்ப் பயணிகளுக்கு நன்றி. பாவம் அவர்கள்.

என் ஸ்டைல் ஷீட் ஒரு வருஷமாக ஒழுங்காக ஓடியது. அது திடீரென்று கெட்டுப்போக தயிர் இல்லை. கம்ப்யூட்டட் பகுதியிலேயே இன்னும் கீழே போய், விட்த் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல். எண் இருக்கிறதா, 'ஆட்டோ' என்று இருக்கிறதா?

அப்புறம், அந்த விஷயம். நான் சொல்லவில்லைடி. பிப்ரவரியிலேயே சொன்னேன். நீ நம்பவில்லை.

ரிலீஸை யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா? எனக்கு முதல் வளையலை நீதான் போட வேண்டும். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது.

நாகு


சிறுசேரி
23 ஜூலை 2009

அண்ணிக்கு,

விட்த் 'ஆட்டோ' என்று இருக்கிறது. அதனால் என்ன? காட்டு என்று சொல்லிவிட்டுக் காட்டாமல் இருப்பதற்கு அகலம் என்ன செய்யும்? நேற்று ஒரு பெரியவர் பேத்தியோடு பெருங்களத்தூரில் பஸ்ஸைத் தவற விட்டிருக்கிறார். அவர் பேசியதை சார் என்னை ஸ்பீக்கரில் கேட்க வைத்தார்.

மற்ற விஷயத்தை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஏசுபாதத்தைப் பற்றி நான் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். சிறுசேரி கேன்டீனில், தட்டில் தயிர் சாதம் காய்ந்துபோகும் வரை சொன்னேன். நெட்வொர்க் டீம், சேலையூர், வேதக்காரப் பையன், நம் வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்று அழுதேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நேரம் பார்த்து நானே உன் அண்ணனிடம் பக்குவமாகப் பேசுகிறேன், அதுவரை மூச்சு விட மாட்டேன் என்றீர்கள். பிப்ரவரியில் அண்ணன் புனேயிலிருந்து போன் செய்கிறான். எடுத்த எடுப்பில், "யாரு அந்தச் சேலையூர் ஏசுபாதம்?" பேரும் ஊரும் சேர்த்துக் கேட்கிறான். யார் சொன்னது என்று கேட்டேன். "அப்பா காதுக்குப் போறதுக்குள்ள நீயே நிறுத்திக்கோ" என்று வைத்துவிட்டான்.

உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்கள். புருஷன் பக்கம் போனதும் சிநேகிதி அண்ணியாகிவிடுகிறாள், அதில் ஆச்சரியம் இல்லை. நான்தான் முட்டாள்.

ஏசுபாதம் என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை. நான்தான் அவரைக் காத்திருக்கச் சொன்னேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. கேன்டீனில் வேறு மேஜையில் உட்காருகிறார். என் மேஜையைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். உங்களுக்கு வளையல் போடும்போது நான் சிரிக்க வேண்டும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். என்னால் முடியாது.

தமிழினி


புனே
25 ஜூலை 2009

தமிழு,

முதலில் பெட்டி.

ஒரு பெட்டிக்குத் திரையில் உண்மையாகவே இடம் கிடைத்திருந்தால் அகலம் எண்ணாகத்தான் வரும். நாம் ஆட்டோ, அதாவது 'நீயே பார்த்துக்கொள்' என்று எழுதியிருந்தாலும் பிரவுசர் அளந்து எண்ணைப் போட்டுவிடும். அங்கே இன்னும் 'ஆட்டோ' என்றே இருந்தால், அதற்கு இடமே ஒதுக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஏன் டிஸ்ப்ளே 'பிளாக்' என்று வருகிறது? நீ அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டாய், அது தன்னைப் பற்றி மட்டும் பதில் சொன்னது. அதை யாரும் மறைக்கவில்லை. அது உட்கார்ந்திருக்கும் வெளிப் பெட்டியை யாரோ மறைத்திருக்கிறார்கள். வெளியே இருப்பது மறைந்தால் உள்ளே இருப்பதும் திரையில் வராது, ஆனால் உள்ளே இருப்பதைக் கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். கம்ப்யூட்டட் பகுதி பொய் சொல்லாது. அதிகப்படியாக ஒரு வார்த்தையும் சொல்லாது. ஒவ்வொரு வெளிப் பெட்டியாக மேலே போய்ப் பார். எதிலோ டிஸ்ப்ளே 'நன்', அதாவது 'காட்டாதே' என்று இருக்கும்.

மற்றது. உன் மெயிலைப் படித்துவிட்டுச் சாதம் வைக்க மறந்துவிட்டேன். நான் சொல்லவில்லை என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒரு காரணம் இருக்கிறது. அது என்னுடையது இல்லை, அதனால் கேட்காதே. கோபம் இருந்தால் வைத்துக்கொள். அண்ணி என்று மட்டும் கூப்பிடாதே, வலிக்கிறது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாகு


சிறுசேரி
28 ஜூலை 2009

அண்ணிக்கு,

கிடைத்துவிட்டது. உங்கள் பெட்டிக்கு வெளியே மூன்றாவது பெட்டி. 'கோடை விடுமுறைச் சலுகை' என்று ஏப்ரலில் ஒரு அலங்காரப் பெட்டி போடச் சொன்னார்கள். போட்டவள், அறிவிப்பையும் அதற்குள்ளேயே தூக்கி வைத்திருக்கிறாள். இந்த மாதம் சலுகை முடிந்ததும் அந்த அலங்காரத்தை மறைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் பெயர் தமிழினி.

ராஜகோபாலன் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். "நாகலக்ஷ்மி மேல இல்ல போட்ட?" என்றார். ஆமாம் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கும் ஒரு மெயில் போட்டுடு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது அந்த மெயில். ஸ்டைல் ஷீட்டில் தப்பு இல்லை. மன்னிக்கவும்.

அந்த விஷயம் அந்த விஷயம்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் இரண்டு மெயிலிலும் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று ஒரே வாக்கியம். பஸ்ஸில் நீங்கள் ஒரு வெங்காய போண்டாவைப் பற்றி மேடவாக்கம் வரை பேசுவீர்கள். இந்த மெயில்களில் சாப்பாட்டைப் பற்றி, வைக்க மறந்த சாதத்தைத் தவிர, ஒரு வார்த்தை இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள்?

தமிழினி


புனே
3 ஆகஸ்ட் 2009

தமிழு,

கண்டுபிடித்துவிட்டாய். எனக்கும் விட்த் ஆட்டோதான்.

ஒன்றும் சாப்பிடவில்லைடி. காலையில் அவல், அது வெளியே வந்துவிடும். மத்தியானம் ரசம் வைக்கிறேன், புளி வாசனை வந்ததும் ஊர் ஞாபகம் வந்து அதையும் சாப்பிட முடிவதில்லை. உன் அண்ணனுக்கு ஷிப்ட். தங்கமான மனுஷன்தான், ஆனால் வீட்டுக்கு வந்தால் தூங்குகிறார். பக்கத்து வீட்டு அம்மா மராட்டியில் ஏதோ அன்பாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் தலையாட்டுகிறேன். அனகாபுத்தூரில் என் அம்மா போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் என்கிறேன், அத்தை செய்தாலும் அதையேதான் சொல்கிறேன். இங்கே எனக்கு வாய்விட்டுப் பேச ஆள் இல்லை. இருந்த ஒருத்தியும் தாங்கள் என்கிறாள்.

போன வாரம் அத்தையிடம் வளைகாப்பே வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார்கள். பயணம் கஷ்டம் என்றேன். உண்மை அது இல்லை. கை நிறைய வளையலைப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டு, நீ வரவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அத்தை, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள்.

நாகு


பீர்க்கன்கரணை
12 ஆகஸ்ட் 2009

நாகு,

இன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

காலையில் ஏரிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா டப்பாவில் இட்லி அடுக்கிக்கொண்டே, "வானம் மூடிக்கினு வருது. அந்தப் புள்ள குடுத்த கொடைய எடுத்துக்கினு போ" என்றாள்.

அந்த நீலக் குடை, போன கார்த்திகை மழையில் அவர் கொடுத்தது. ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

"எந்தப் புள்ளம்மா?" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "ஆபீஸ்ல குடுத்தாங்கன்னியே, அத்தச் சொன்னேன்."

"ஆபீஸ்ல குடுத்ததுன்னா புள்ள எங்கேர்ந்து வந்தான்?"

டப்பாவை மூடி வைத்துவிட்டு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏண்டி, ஆபீஸ்ல குடுக்கிற கொடையில உள்பட்டியில 'ஏசுபாதம், சேலையூர்'னு பேனாவால எழுதியா குடுப்பாங்க? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நாகு, நான் அதைப் பார்த்ததே இல்லை. இத்தனை மாசம் விரித்து மடக்கியிருக்கிறேன், உள்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. ஸ்கூல் பையன் மாதிரி குடையில் பெயர் எழுதி வைப்பார் என்று நான் கண்டேனா?

அதற்கு முன்பே அம்மா எங்களைப் பார்த்திருக்கிறாள். சண்முகம் ரோட்டில் பூ வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது எதிரே நாங்கள் அந்தக் குடையில். "நீ சிரிச்சிக்கினு வந்த. என்னை இடிக்காத கொறையா தாண்டிப் போன. பெத்தவ உன் கண்ணுல படல" என்றாள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ரகசியமாக நடந்த அறிவாளி நான். இந்தப் பக்கத்து ஜனமே அதில்தான் ஏறி இறங்குகிறது.

"அண்ணன்கிட்ட நீதான் சொன்னியா?"

"நான்தான் சொன்னேன். உங்கப்பாகிட்ட சொல்ல தைரியம் இல்ல, வேற யார்கிட்ட சொல்றது? நாகுகிட்டயும் போன் பண்ணிக் கேட்டேன். வாயே தெறக்கல அது. 'தமிழையே கேளுங்க அத்தை'ன்னுது. எனக்குத் தெரியும்னு உன்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன்."

"ஏம்மா?"

"தெரிஞ்சா, அப்பாகிட்ட நீ பேசும்மான்னு என் காலைப் பிடிச்சிப்ப. இன்னா பேசுவேன் அவர்கிட்ட? பயம்டி எனக்கு." இட்லி டப்பாவைத் தள்ளி வைத்தாள். "இப்ப அந்தப் பொண்ணு வளைகாப்பே வேணான்னுது. வாயும் வயிறுமா இருக்கிறவ. என்னால ரெண்டு பேரும் பேசிக்காம இருக்கீங்க. மனசு கேக்கல."

வாய் தவறிச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உன்னை மட்டும் கேட்டேன், உன் பதிலை நம்பவில்லை, மேலே போய்ப் பார்க்கவும் இல்லை. ஆறு மாசம் உன்னை அண்ணி என்று கூப்பிட்டிருக்கிறேன். என்ன செய்தால் சரியாகும் என்று தெரியவில்லை. இனிமேல் மேடவாக்கம் வரை நீ போண்டா பேசலாம், குறுக்கே பேச மாட்டேன். அம்மா வத்தல் குழம்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு கூரியர்.

உன்
தமிழு


புனே
13 ஆகஸ்ட் 2009

அடி பாவி,

உள்பட்டியில் பெயரா? சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், உள்ளே இருப்பதும் எழுந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. உன் அண்ணன் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்கிறார். அவரிடம் உன் மெயிலை அப்படியே படித்துக் காட்டிவிட்டேன், கோபிக்காதே. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அந்தப் பையன் நெட்வொர்க்குல என்ன வேலை?" என்று கேட்டார். ஷிப்ட் உண்டா என்று வேறு கேட்டார். கேட்கிற மனுஷனைக் கேட்க விடலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அத்தைமேல் கோபப்படாதே. அன்றைக்கு போனில் அவர்கள் குரல் நடுங்கியது. அதனால்தான் சத்தியம் செய்தேன். உன் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம், எப்படியும் அது ஒருநாள் தீரும் என்று நினைத்தேன். இத்தனை நாளாகும் என்று நினைக்கவில்லை.

ரிலீஸ் என்ன ஆச்சு? சீக்கிரம் சொல். ஏசுபாதத்தையும் ஆபீஸ் கும்பலோடு வரச் சொல். நான்தானே கூப்பிடுகிறேன், என் பழைய ஆபீஸ் ஆள்.

நாகு


பீர்க்கன்கரணை
8 செப்டம்பர் 2009

நாகு,

அனகாபுத்தூரில் உன் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு சுகமாகப் படுத்திருப்பாய். வளையல் சத்தத்தில் தூக்கம் வருகிறதா? முதல் வளையலை மாட்டும்போது உன் கை வீங்கியிருந்தது, வலித்ததா என்று கேட்க நினைத்தேன், நீ அழுதுகொண்டிருந்ததால் நானும் அழுதுவிட்டேன். போட்டோவில் இரண்டு பேர் மூக்கும் சிவந்திருக்கிறது. 'ரிலீஸுக்கு உன்னை யாரும் வரச் சொல்லவே இல்லையே' என்று என்னிடம் ராஜகோபாலன் சார் ஊரெல்லாம் கேட்கும்படி சொன்னாரே, அதைச் சொல்லிக்காட்டவே மாட்டேன் என்று எழுதிக் கொடு.

நீ காரில் ஏறிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்த மெயில்.

நீ போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் கும்பல் சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்கிறது, தெரு முனை ஆட்டோ ஸ்டாண்டு வரை போக வேண்டும். அப்பாவுக்கு விருந்தாளி நனைந்தால் பொறுக்காதே. ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார். அந்த நீலக் குடை. ஒவ்வொருவராக அதில் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தார். கடைசியில் மிஞ்சியது ஏசுபாதம் ஒருத்தர். அப்பா, "வாங்க தம்பி" என்று தோளில் கை போட்டுக் குடைக்குள் இழுத்துக்கொண்டார்.

நானும் அம்மாவும் ஜன்னலில் நின்றோம். தன் குடையில், என் அப்பா கைக்குள், அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு போனார். அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்திருக்கிறது.

அப்பா திரும்பி வந்து குடையை உதறினார். "அந்தக் கடைசிப் பையன் யாரும்மா? நான் நனையக் கூடாதுன்னு கொடைய என் பக்கமே சாய்ச்சிக்கினு, பாதி ஒடம்பு நனைஞ்சிக்கினு வந்தான். நல்ல வளர்ப்பு" என்றார். பேரைச் சொல்லாமல், நாகுவின் ஆபீஸ் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் அப்பா குடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நல்ல கொட. உள்ள ஏதோ பேரு எழுதியிருக்கு, கண்ணாடி இல்லாம தெரியல. யாராவது மறந்துட்டுப் போய்ட்டாங்களா பாரு. யாருது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போனாள். பயம் என்று சொன்னாளே, அதே அம்மாதான். அப்பா கையிலிருந்து குடையை வாங்கினாள்.

"நம்ம வூட்டுதுதாங்க" என்றாள். உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு, பெயர் தெரியும்படி குடையைக் கூடத்திலேயே விரித்துக் காய வைத்தாள்.

உன்
தமிழு